காற்று போகாத இடம்

தையல்காரரின் மனைவிக்கு முதலில் கால் மரத்தது. பிறகு கை விழுந்தது, கடைசியில் மூச்சு. நரம்பு நோய், மெல்ல மெல்லச் சரியாகிவிடும், அதுவரை மெஷின் மூச்சு விடட்டும் என்றார் டாக்டர். தொண்டையில் குழாயோடு அசையாமல் கிடந்தாலும் அவளுக்கு நினைவு முழுக்க இருந்தது. கண்ணை ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம். இரண்டு தடவை என்றால் இல்லை.

"எதிர்வீட்டுக்காரி சட்டைக்குக் கையை மாத்தி வெச்சுத் தெச்சுட்டேன்டி. அவளும் மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துட்டா," என்றார் தையல்காரர்.

அவள் கண்ணாலேயே சிரித்தாள்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் அடித்தது. மெஷினில் நாள்கணக்காக இருப்பவர்களுக்கு வருகிற நிமோனியா. சளியில் இருந்த கிருமி ஒரே ஒரு மருந்துக்குத்தான் மசியும் என்றார்கள். அதை ஊசியில் ஏற்ற ஏற்ற, சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது.

"கிட்னி தாங்கலைங்க," என்றார் டாக்டர். "அதே மருந்தை ஆவியாக்கி, குழாய் வழியா நேரா நுரையீரலுக்குக் குடுத்துப் பார்க்கலாம். ரத்தத்துல அவ்வளவா கலக்காது."

"கேக்குமா சார்?"

"சிலருக்குக் கேக்குது."

நர்ஸ் சின்னக் குப்பியில் மருந்தை ஊற்றிக் குழாயில் மாட்டினாள். மெஷின் தள்ளிய ஒவ்வொரு மூச்சோடும் வெள்ளை ஆவி உள்ளே போனது. கட்டிலில் கிடந்தவளின் முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது.

"கஷ்டமா இருக்கா?" என்றார் தையல்காரர்.

ஒரு சிமிட்டல்.

"நிறுத்தச் சொல்லட்டுமா?"

இரண்டு.

காய்ச்சல் இறங்கியது. அடுத்த நாள் அவர் பிடித்திருந்த கைக்குள் அவள் விரல் மடங்கியது. வராந்தாவுக்கு ஓடி மச்சினிக்குப் போன் போட்டார். "உங்கக்கா என் விரலைப் புடிச்சிட்டாம்மா!" மெதுவாகப் பேசச் சொல்லி வாட்ச்மேன் அதட்டினான்.

இரண்டு நாள்தான் அந்தச் சந்தோஷம். காய்ச்சல் திரும்ப ஏறியது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது.

"காத்து போற இடத்துக்குத்தான் இந்த மருந்தும் போகும். இங்க சளி அடைச்சுக் கல்லாட்டம் கிடக்கு."

"வேற வழியா அங்க போட முடியாதா சார்?"

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார்.

தையல்காரர் கட்டிலருகே போய்க் குனிந்தார். "பயமா இருக்காடி?"

அவள் சிமிட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ரத்த அழுத்தம் விழுந்தது. பிறகு ஏறவே இல்லை.

மச்சினி மூச்சு வாங்கப் படியேறி வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அத்தான், கை வந்துடுச்சுன்னு சொன்னீங்களே!"

"வந்துச்சும்மா. அந்த நரம்பு வியாதி குணமாயிட்டுதான் இருந்துச்சு," என்றார். அவளை அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார். "குணமாயிட்டுதான் இருந்துச்சு."