ஜன்னல் கண்ணாடி என்று எழுதிய மனு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். இது அந்த வகைப் பொய் இல்லை. கோவில்பட்டியில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் ஹக்கீம் என்கிற ஆள், ஒரு பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்ன பொய்.

இதை எழுதிக்கொண்டிருப்பதும் அதே ஹக்கீம்தான். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிப் பக்கத்தில் முகமூடியைக் கழற்றி உங்களை அசரவைக்கும் சாமர்த்தியமெல்லாம் இந்த விஷயத்தில் எடுபடாது. ‘நான்’ என்று தொடங்கி நான்கு முறை எழுதிப் பார்த்தான். நான்கு முறையும் இரண்டாவது பத்தி முடிவதற்குள் தன்னை நல்லவனாக்கிக் கொண்டான். அதனால் ‘அவன்’. ஐம்பத்திரண்டு வயது ஆளை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தனக்குத் தானே மரியாதை கொடுத்துக்கொள்ள இப்போதைக்கு அவனுக்குக் கூசுகிறது.

கிழித்துப் போட்ட வேறு தொடக்கங்களில் சிலவற்றை ஒட்டி வைத்திருக்கிறான். ஒரு மனிதன் எப்படியெல்லாம் நழுவப் பார்ப்பான் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

(அ) கரிசல் மண்ணில் ஒரு மழை விழுந்தால் போதும், வண்டிச் சக்கரம் உருளாது. அன்றும் விடியற்காலையில் மழை பெய்—
[மழைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழியை மண்ணின் தலையில் போடப் பார்த்திருக்கிறான்.]

(ஆ) ஊர்கள் பெருகப் பெருகக் குப்பையும் பெருகுகிறது. நுகர்வு என்பது இன்றைய வாழ்வின்—
[இது கட்டுரை. கட்டுரையில் யாருக்கும் கை அறுபடாது.]

(இ) வெள்ளைத்தாய் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால்—
[சீ.]

2

ஊரில் குப்பை வாங்குவதற்கு விதிகள் இருக்கின்றன. மக்கும் குப்பை பச்சை வாளியில், மக்காதது நீல வாளியில். உடைந்த கண்ணாடி, பல்பு, ஊசி, பிளேடு எதுவானாலும் தாளில் சுற்றித் தனியாகக் கையில் கொடுக்க வேண்டும். வீட்டுக் குப்பைக்குக் காலையில் பேட்டரி வண்டி வரும். கடைக் குப்பையை அந்த வண்டியில் போடக்கூடாது. அதற்கு மதியம் வேறு வண்டி.

இதெல்லாம் ஹக்கீமுக்கு மனப்பாடம். வண்டியின் ஒலிபெருக்கியில் இந்த விதிகளைச் சொல்லிக்கொண்டு போகும் அறிவிப்பை எழுதியவனே அவன்தான். எழுதி, பேசிக் கொடுத்தவனும் அவன்தான்.* “அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் குப்பையைக் கையால் எடுக்கும் மனிதரை ஒரு நொடி நினைத்துப் பாருங்கள்” என்று குழைந்து வரும் அந்த வரி, நகராட்சியில் யாரும் கேட்டுக்கொண்டது இல்லை. அவனாகவே சேர்த்தது.

* அவன் எழுதி இதுவரை ஆறு கதைகள் அச்சாகியிருக்கின்றன. வாசகர்கள் நூறு பேர் தேறினால் அதிகம். அறிவிப்புக்கோ தினமும் ஊரே வாசகர். கல்யாண வீட்டுப் பந்தியில், “பாய், உங்க குரல் கேட்ட பொறவுதான் எங்க வீட்ல அடுப்பே எரியுது” என்பார்கள். பூரித்துப் போவான்.

மதிய வண்டி கடைத்தெருவுக்கு வருவது இரண்டரை மணிக்கு. ஹக்கீம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். ஒரு கோட்டைத் தூக்கம் ஒன்றும் இல்லை, முக்கால் மணி நேரம்தான். அதை விட மனசில்லை. இதனால் படக் கண்ணாடியை அளவுக்கு வெட்டும்போது மிஞ்சுகிற கீற்றுகள் கடையில் சேர்ந்துகொண்டே போயின. ஒருமுறை அவற்றைத் தாளில் சுற்றி வீட்டு வண்டியில் கொடுத்துப் பார்த்தான். வண்டி ஓட்டுகிற வெள்ளைத்தாய் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். “இது கடைக் குப்பைலா பாய்? மதிய வண்டியில குடுங்க. நீங்களே இப்பிடிச் செஞ்சா எப்பிடி?”

பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அது உறைத்தது. ஆனால் திருந்துகிற மாதிரி உறைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கீற்றுகளை வீட்டுப் பச்சை வாளியில் போட்டு, மேலே பழைய சோற்றையும் மீன் கழிவையும் கொட்டினான். தாளில் சுற்றவில்லை. மறந்து போய் அல்ல. சுற்றினால் பொட்டலம் என்று தெரியும், பொட்டலம் என்று தெரிந்தால் பிரிப்பாள். அவள் கைக்கு ஆபத்தில்லாமல் கொடுக்கிற வழி எதுவோ, அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கிற வழியாகவும் இருந்தது. வாளியை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது ஒன்றும் அறியாத அவன் மனைவி ஜன்னதுல் பிர்தௌஸ்.

[மேலே உள்ள பத்தியை எழுத நான்கு நாள் பிடித்தது.]

3

எட்டு நாள் கழித்து வெள்ளைத்தாய் கடைக்கு வந்தாள். புதூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், பத்தாவது வரை படித்தவள். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு.

“ஒரு மனு எழுதணும் பாய்.”

“என்னம்மா ஆச்சு?”

“உரக்கிடங்குல குப்பையத் தரம் பிரிக்கும்போது கண்ணாடி அறுத்துட்டு. கையுறையையும் சேத்துக் கிழிச்சிட்டு. ரெண்டு வெரலுக்கு நரம்பு போயிட்டுன்னு டாக்டர் சொல்லுதாவ. மடக்க வரல.” கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைக் காட்டினாள். “வேலை பாக்கும்போதுதான் அறுத்துச்சுன்னு காமிக்கணுமாம். இல்லன்னா வைத்தியமும் கெடையாது, வேலையும் கெடையாதுன்னு காண்ட்ராக்ட்ல சொல்லுதாவ.”

ஹக்கீம் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“யாருகிட்ட எழுதலாம்னு யோசிச்சேன். இந்த ரூல்ஸ உங்கள விட யாருக்குத் தெரியும்? மூணு வருசமா உங்க குரல் கூடத்தான தெருத்தெருவாப் போறேன்.” இடது கையால் ஒரு மருந்துக் கவரைத் திறந்து மேசையில் வைத்தாள். “நீங்க கண்ணாடி புழங்குத ஆளு. இது எதுல உள்ளதுன்னு பாத்துச் சொன்னீங்கன்னா மனுவுல போட்டிரலாம்.”

இரண்டு விரல் அகலத் துண்டு. ஒரு பக்கம் கோணலாக முறிந்திருந்தது. மறுபக்கம் ரூல்தடி வைத்து வெட்டியது போல நேராக இருந்தது. போல என்ன, ரூல்தடி வைத்து வெட்டியதுதான். பின்னாலிருந்த பலகையில், கழுகுமலை முருகன் படத்துக்கு அன்று காலையில் வெட்டிய கண்ணாடியின் கீற்றுகள் அதே வாட்டத்தில் கிடந்தன. ஹக்கீம் ஓர் அடி நகர்ந்து நின்று அவற்றை மறைத்துக்கொண்டான்.

“ஜன்னல் கண்ணாடி மாதிரி தெரியுது,” என்றான்.

“அப்ப அப்பிடியே போட்டிருங்க.”

“எந்த வீடுன்னு தெரியலையா?”

“எங்கன தெரியும்? எம்பது வீட்டுக் குப்பை ஒண்ணாக் கெடக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “தெரிஞ்சு யாரும் போட்டிருக்க மாட்டாவ பாய். புள்ளைக எதையாவது ஒடச்சிருக்கும். அவசரத்துல அள்ளிப் போட்டிருப்பாவ.”

ஹக்கீம் எழுதினான். அவன் எழுதியவற்றிலேயே சிறந்தது அந்த மனுதான். குடும்ப நிலை, எட்டு வருட உழைப்பு, இரண்டு விரல்கள் எல்லாம் அளவாக வந்து விழுந்தன. ‘யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் கண்ணாடியின் உடைந்த துண்டு’ என்ற வரி மூன்றாம் பத்தியில் இருந்தது. அவள் நின்றபடியே வாசித்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க பாய். படிக்கும்போது எனக்கே அழுகை வருது,” என்று சொல்லிவிட்டு, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

[வாசகரே, அவள் போனதும் ஹக்கீம் என்ன செய்தான் தெரியுமா? ‘இதில் ஒரு கதை இருக்கிறது’ என்று நினைத்தான். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.]

4

குப்பைக் காண்ட்ராக்டின் மேற்பார்வையாளர் யோகராஜ் மனுவை எடுத்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினான். ஹக்கீமின் தெருவையும் சேர்த்து, அவள் குப்பை வாங்கும் எண்பது வீடுகளில் ஒன்றிலும் ஜன்னல் உடைந்திருக்கவில்லை. அடுத்து வெள்ளைத்தாயின் வீட்டுக்குப் போனான். அங்கே அடுக்களை ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அட்டை வைத்து அடைத்திருந்தது. அது உடைந்து இரண்டு வருடம் இருக்கும். யோகராஜ் அதைப் போனில் படம் பிடித்தான். வீட்டில் கையை அறுத்துக்கொண்டு வேலையில் அறுத்ததாகச் சொல்கிறாள் என்று அறிக்கை கொடுத்தான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் விசாரணை.

சேதியைக் கொண்டுவந்தது ஜன்னதுல் பிர்தௌஸ்.

“நீங்க எழுதுன மனுவ வச்சே அவள மடக்கிட்டாவளாமே. நம்ம வாசல்ல நின்னு அழுதா. அவ பொய் சொல்லுத ஆளா?”

“இல்ல.”

“அப்ப நீங்க போயி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க பேச்சுக்கு அங்கன ஒரு மதிப்பு இருக்குல்லா?”

“ஒரு கதை எழுதிக்கிட்டிருக்கேன். அத முடிச்சிட்டுப் பாப்போம்.”

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இந்தக் கதையில் ஹக்கீம் பேசிய வசனங்களிலேயே ஒரு எழுத்து கூட மாற்றாமல் எழுதியிருப்பது அந்த வரியைத்தான்.

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தான்.

முதல் முடிவு. வெள்ளைத்தாய் மறுபடியும் கடைக்கு வருகிறாள். பலகையில் கிடக்கும் கீற்றுகளைப் பார்த்துவிட்டு, “எனக்கு அன்னைக்கே தெரியும் பாய். நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் மனு எழுத வந்தேன்,” என்கிறாள். ஹக்கீம் தலை குனிகிறான். “விடுங்க பாய்,” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அழகாக வந்தது. எழுதும்போது அவன் அழுதான்.

பிறகு படித்துப் பார்த்தபோது உடம்பெல்லாம் கூசியது. அவளுக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதினால் பாதிப் பொறுப்பு அவள் பக்கம் போய்விடுகிறது. பிள்ளைகள் உடைத்திருக்கும் என்று முகம் தெரியாதவர்களுக்காகப் பரிந்து பேசியவள் அவள். அவளுடைய இரண்டு விரலை எடுத்தது போதாதென்று, தன்னை மன்னிக்கிற வேலையையும் அவளிடமே வாங்கப் பார்த்திருக்கிறான்.

இரண்டாவது முடிவில் யோகராஜைக் கெட்டவனாக்கினான். தடித்த மீசை வைத்தான், வெற்றிலை போட வைத்தான், வெள்ளைத்தாயோடு ஒரு பழைய பகையையும் கொடுத்தான். நிஜ யோகராஜுக்கு மீசையே சரியாக முளைக்காது. மனுவில் என்ன எழுதியிருந்ததோ அதை நம்பித் தேடிப் போனவன் அவன். மனுவை எழுதியது யார்? [மீசையை அழித்தாயிற்று.]

மூன்றாவது முடிவு ஒரே ஒரு வரி. ‘வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹக்கீம் எழுந்து நின்று, “அது என் கடைக் கண்ணாடி,” என்றான்.’

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. என்ன நடக்கும் என்று தெரியாமல் இல்லை. அபராதம் போடுவார்கள். வண்டியில் வேறு யாராவது பேசுவார்கள். தெரு கொஞ்ச நாள் சிரிக்கும். கல்யாண வீட்டில் யாரும் பாராட்ட மாட்டார்கள். இவ்வளவுதான். ஒரு தட்டில் இதையும் மறுதட்டில் மடக்க வராத இரண்டு விரலையும் வைத்தால், எது கனம் என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். ஹக்கீமுக்கும் தெரிகிறது. தெரிந்தும் அந்த ஒரு வரிக்குக் கீழே

6

இன்று வியாழக்கிழமை, மதியம் இரண்டரை. அவன் தூங்கவில்லை.

தனக்குத் தானே ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறான். நாளைக்கு விசாரணையில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டால், இந்தத் தாள்களால் யாருக்கும் பிரயோசனமில்லை, அன்றைக்கே கிழித்துப் போட்டுவிடுவான். வாய் வராமல் போனால் மட்டும், சனிக்கிழமை தன் சொந்தப் பெயரிலேயே பத்திரிகைக்கு அனுப்பிவிடுவான். வெள்ளைத்தாய் படித்தவள். என்றைக்காவது அவள் கண்ணில் படும், அவளுக்கே விளங்கிவிடும்.

கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் பத்திரிகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. வேலை போய் மூன்று மாதம் ஆன பிறகு, நன்றாக எழுதிய ஓர் ஒப்புதலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இதுவும் அவனுக்குத் தெரியும்.

அதனால் முடிவை அவன் எழுதப் போவதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் இதை அச்சில் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.