ராக்கையாவிடம் சொல்லாதது

சிங்கப்பூரில் இறங்கிய மூன்றாம் நாள் மலைச்சாமியின் பர்ஸ் காணாமல் போனது.

மகள் கயல் வேலைக்குப் போயிருந்தாள். அவள் குடியிருந்த அடுக்குமாடிக்குக் கீழேயே ஓர் உணவங்காடி. மலைச்சாமியும் அவர் மனைவி அனுசுயாவும் மதியம் அங்கே சாப்பிட உட்கார்ந்தார்கள். மேசை துடைக்க வந்த பெரியவர் இவர்கள் பேச்சைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"சின்னமனூரு. தேனிப் பக்கம்" என்றார் மலைச்சாமி.

"எங்கப்பா ராயப்பன்பட்டி பக்கத்துல இருந்து வந்தவரு. நான் பொறந்தது இங்கதான். ஊரைப் பாத்ததே இல்ல."

அவர் பெயர் ராக்கையா. மலைச்சாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன் திராட்சைத் தோட்டத்தைச் சொன்னார், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "உங்களுக்கு எந்த ஊருண்ணே?" என்று கேட்டார். ராக்கையா மறுபடியும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மலைச்சாமி அதையே கேட்டார். ராக்கையா அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு அனுசுயாவைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

எட்டு மாதமாக அவளுக்குத் தெரியும். தோட்டத்து மோட்டாரைப் போட்டதை அவர் மறந்ததில் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் பாய்ந்து பக்கத்துக் காடெல்லாம் சேறாகிப் போனது. தன் தங்கை மாயக்காள் வீட்டுக்குக் கிளம்பியவர் வழி தெரியாமல் சந்தைக்குள் நின்றார். அவள்தான் போய்க் கூட்டி வந்தாள். யார் கேட்டாலும் அவர் பேசுவதற்குள் அவளே பதில் சொல்லிச் சமாளித்தாள். கயலிடமும் வாயைத் திறக்கவில்லை. ஊரே மதித்துப் பேசும் மனிதரை யாரும் பரிதாபமாகப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவளுக்குக் கவலை.

எழுந்து கை கழுவி வந்த மலைச்சாமி சட்டைப்பையைத் தடவினார். முகம் மாறியது.

"பர்ஸைக் காணோம்."

மேசைக்கடியில் தேடினார்கள். நாற்காலியை நகர்த்திப் பார்த்தார்கள். வங்கி கார்டு, ஆதார், சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றிய பணம் எல்லாம் அதில்தான் இருந்தன. பாஸ்போர்ட் மட்டும் அனுசுயாவின் கைப்பையில் பத்திரமாக இருந்தது. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ராக்கையாவின் மணிக்கட்டை மலைச்சாமி எட்டிப் பிடித்தார்.

"நீதான இங்கனயே நின்ன? எடுத்திருந்தா குடுத்துரு."

"அண்ணே, நான் எடுக்கலண்ணே."

"காலையில பையில வச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

கூட்டம் கூடியது. கண்காணிப்பாளர் வந்து ராக்கையாவிடம் ஏதோ கடுமையாகக் கேட்டார். யாரும் சொல்லாமலேயே ராக்கையா தன் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கைக்குட்டை, ஒரு மாத்திரை அட்டை, பஸ் கார்டு. எல்லாவற்றையும் தான் துடைத்த மேசையிலேயே வைத்தார்.

"அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் அனுசுயாவிடம்.

மலைச்சாமி காலையில் பர்ஸை எடுத்து வைத்ததை அவள் பார்க்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு மறதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்காணிப்பாளர் ராக்கையாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கயல் வந்து கார்டை முடக்கினாள், போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள். "போனது போகட்டும்ப்பா" என்றாள். மலைச்சாமி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "கயலு, என் பர்ஸை எங்கத்தா வச்ச?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துக் கயல் சிரித்தாள்.

அதன்பிறகு அந்த உணவங்காடிப் பக்கமே அனுசுயா போகவில்லை. ஊர் திரும்பும்வரை சுற்றுவழியில் நடந்தாள்.

சின்னமனூருக்கு வந்த இரண்டாம் நாள் பெட்டியைப் பிரித்து அழுக்குத் துணிகளை எடுத்துப் போட்டாள். சுருட்டி வைத்திருந்த அவருடைய குளிர்ச்சட்டையின் கைக்குள் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. விரித்தாள். பர்ஸ். யாரும் எடுத்துவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, கைக்குள் ஆழமாகத் திணித்திருந்தார்.

அனுசுயா துணிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் மலைச்சாமி யாரிடமோ சிங்கப்பூர் திருடனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றே கயலுக்குப் போன் செய்தாள். பர்ஸைப் பற்றி ஆரம்பித்து மோட்டார், சந்தை என்று எட்டு மாதத்தையும் சொல்லி முடித்தாள். மறுமுனையில் கயல் அழுவது கேட்டது.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அது நெசமாயிருமேன்னு பயந்தேன்த்தா. நீ மொதல்ல அந்தப் பெரியவரைத் தேடு."

ராக்கையா அங்கே இல்லை. பர்ஸ் காணாமல் போன வாரமே வேலையை விட்டிருந்தார். கயல் நாலு நாள் விசாரித்து வேறொரு அங்காடியில் அவரைக் கண்டுபிடித்தாள். தன் போனிலேயே அம்மாவிடம் பேச வைத்தாள்.

"அண்ணே, பர்ஸு கெடச்சிருச்சு. அவுகளேதான் வச்சுட்டு மறந்துட்டாக" என்றாள் அனுசுயா.

"அண்ணனுக்கு உடம்பு முடியலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாருல்ல. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"நீங்க சொல்லிருக்கலாம்மா."

"மன்னிச்சிருங்கண்ணே."

"அண்ணனை டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார் ராக்கையா. மன்னித்தேன் என்றோ இல்லையென்றோ அவர் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று போனைக் கயலிடம் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை தேனியில் நரம்பு டாக்டரின் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளுத்த சட்டையும் கரைவேட்டியுமாக மலைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன செய்யுது ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். இவதான் சும்மா கூட்டியாந்தா."

டாக்டர் அனுசுயாவைப் பார்த்தார். வழக்கம்போல் சமாளிப்பதற்கான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"எட்டு மாசமா அவுகளுக்கு ஞாபகம் தப்புது டாக்டர்."

மலைச்சாமி சட்டென்று திரும்பினார். யாரோ எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்து இழுத்தது போல அவர் முகம் சுருங்கியது.

"அனுசுயா, அதையெல்லாம் எதுக்கு இங்கன சொல்ற?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. கண்ணைத் துடைக்காமல், முதலில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.