அண்ணன் கம்ப்யூட்டருக்கு மட்டும்

ஆபீசில் யாருக்கு நெட்டைத் திறப்பது, யாருக்கு மூடுவது என்பது தம்பியின் வேலை. அவன் வைத்ததுதான் அங்கே சட்டம். அந்த அதிகாரத்தை ஆபீஸ் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தான், அதுதான் வினையாகப் போனது.

மாடியில் அவன், கீழே அண்ணன் குடும்பம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. வேலை போனதிலிருந்து அண்ணன் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தார். தம்பி வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் மீட்டிங் அடிக்கடி நின்று நின்று வந்தது. அண்ணன் சினிமா பார்த்தே லைனைத் தின்கிறார் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டான். இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. படிக்க வைத்த அண்ணனிடம் போய் அதைக் கேட்பதா? அதனால் ரூட்டரில் புகுந்து, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அண்ணன் கம்ப்யூட்டருக்கு மட்டும் வெளி இணைப்பு கிடையாது என்று போட்டுவிட்டான். கேட்கக் கூசியவனுக்குப் பூட்டக் கூசவில்லை, பாருங்கள்.

மறுநாள் மத்தியானம் அண்ணனுக்கு வீடியோவில் இன்டர்வியூ. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணியைத் தவிர யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. ஆபீசிலிருந்த தம்பியின் போனில் அண்ணன் பெயர் நாலைந்து முறை வந்து போனது. நெட் வரவில்லை என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று அவனுக்குத் தெரியும். எடுக்கவில்லை.

அவன் வீடு திரும்பிக் கீழே நுழைந்தபோது அண்ணன் மேசைக்கடியில் கேபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையெல்லாம், தலையெல்லாம் ஒட்டடை. அண்ணி குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலையில ஒம்பது மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பறப்ப பிரிண்ட் எடுத்தீங்க, வந்துச்சு. இப்ப நான் வந்து உக்காந்தேன், நெட்டும் வருது. இன்டர்வியூல பேச வேண்டிய நேரத்துல மட்டும் வரலைன்னா யார் நம்புவா? பயமா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிரிண்டரைத் தன் பூட்டு தடுக்காது என்பது தம்பிக்குத் தெரியும். மணி ஆறைத் தாண்டிவிட்டதும் தெரியும். அண்ணி இன்னும் என்னென்னவோ சொன்னாள், இந்த ஆறு மாதத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றான்.

"நீயே பாத்துச் சொல்லுடா," என்றார் அண்ணன். "நான்தான் எதையோ கெடுத்துட்டேன் போல."

தம்பி குனிந்து கேபிளைத் தொட்டுப் பார்த்தான். எதைத் தேடுவது போல நடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. அண்ணனை வாசலுக்குக் கூட்டிப்போய், தலையைத் தூக்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அண்ணன் திட்டியிருந்தால் தேவலை. அவர் சட்டையிலிருந்த ஒட்டடையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"அவகிட்டப் போய்ச் சொல்லு."

"நீங்களே சொல்லிடுங்கண்ணா."

"நான் சொன்னா நம்ப மாட்டா."

உள்ளே போனான். அண்ணி மடித்து வைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிரவில்லை. நெட்டை நிறுத்தியது தான்தான் என்றும், அண்ணன் சொன்னதெல்லாம் நிஜம் என்றும் சொன்னான். அதைச் சொல்ல ஆபீசில் அவனுக்கு ஒரு நிமிஷம் பிடிக்காது. இங்கே நாக்கு புரளவே மாட்டேன் என்றது.

அண்ணியின் கை நின்றது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். தனியாக நின்றிருந்த அண்ணனின் முதுகு தெரிந்தது. பிறகுதான் இவனைப் பார்த்தாள்.

"தம்பி, அவரை நான் அவ்வளவும் பேசினப்ப நீங்க இங்கதானே நின்னீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினான்.