பூமிநாதனுக்கு ஒரு சிபாரிசு

1956-இல் அந்தக் கடலோரத் தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியானது. பன்னிரண்டு வருஷ சர்வீஸோடு இலாகாப் பரீட்சைகள் அத்தனையும் தேறியிருந்த பாம்பன் வியாகுலத்துக்கு அது கிடைக்க வேண்டும் என்பது விதி. குமாஸ்தா பூமிநாதன் தாசில்தார் சேதுராமனின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி என்பது அதைவிடப் பழைய விதி.

மச்சினனைச் சிபாரிசு செய்து கலெக்டருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். தாசில்தாருக்குக் கையெழுத்துப் போட வரும். கடிதம் எழுத வராது. பூமிநாதனுக்குக் கையெழுத்தே சந்தேகம். ஏழு வருஷமாக அவன் மேசைக்கு வந்த தாள்கள் எல்லாம் வியாகுலத்தின் மேசைக்குப் போய், எழுதப்பட்டு, அவன் பெயரில் வெளியேறிக்கொண்டிருந்தன. ஆகவே இந்தக் கடிதமும் வியாகுலத்திடமே வந்து சேர்ந்தது.

வியாகுலத்துக்கு ஒரு நோய் உண்டு. எதையும் அரைகுறையாக எழுதத் தெரியாது. வயிறு எரிய எரிய, பூமிநாதனின் எழுத்துத் திறமையையும் சட்ட ஞானத்தையும் இரண்டு பக்கம் புகழ்ந்து தள்ளினார்.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுட்டு வந்திருக்கீக" என்றாள் மனைவி லீமாரோஸ். இரண்டாம் பக்கம் நன்றாக வந்திருந்தது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல்.

ஜமாபந்திக்கு, வருஷாந்தரக் கணக்குத் தணிக்கைக்கு, வந்த கலெக்டர் கடிதத்தைப் படித்து அசந்துபோனார். பூமிநாதனைக் கூப்பிட்டு, படகு கட்ட இடம் கேட்டு மாரியூர்க்காரர்கள் போட்டிருந்த மனுவைக் கொடுத்து, பத்து நிமிஷத்தில் பதில் எழுதிக் காட்டச் சொன்னார்.

பூமிநாதன் பணிவாக வாங்கினான். ஏழு வருஷப் பழக்கம். கால்கள் யாரையும் கேட்கவில்லை. நேரே போய் வியாகுலத்தின் மேசையில் வைத்தான்.

"அண்ணே, கலெக்டர் அய்யா அவசரமாக் கேக்குறாக. வெரசா எழுதுங்க."

கலெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாகுலம் யாரையும் பார்க்கவில்லை. எட்டாவது நிமிஷத்தில் அவர் நிமிர்ந்தபோது கலெக்டர் பக்கத்தில் நின்று, அந்தப் பதிலையும் சிபாரிசுக் கடிதத்தையும் சேர்த்துவைத்து எழுத்தை ஒப்பிட்டார்.

"இதையும் எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்கய்யா."

"பூமிநாதனைப் பத்தியே ரெண்டு பக்கம் எழுத முடிஞ்சவர், எதைப் பத்தியும் எழுதிருவார்" என்று தாசில்தாரிடம் சொல்லிவிட்டு, வியாகுலத்தைத் தலைமைக் குமாஸ்தாவாக்கிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை, புது நாற்காலிக்கு முன்னால் பூமிநாதன் வழக்கம்போல் ஒரு தாளோடு வந்து நின்றான்.

"ஒன் மேசைக்குக் கொண்டு போ. எழுதிக் கொண்டாந்து காட்டு" என்றார் வியாகுலம்.

சாயங்காலத்துக்குள் அந்தத் தாள் நாலு தடவை திரும்பிப் போனது. மூன்று தடவை தப்புக்காக. நாலாவது தடவை வியாகுலத்தின் ஆசைக்காக.