டி.வி. பெட்டித் தொட்டில்

டி.வி. மெக்கானிக்கின் மகளை மரப்பெட்டிக்குள் படுக்க வைத்த நாளிலிருந்து அந்தத் தெருவில் எந்த டி.வி.யைப் போட்டாலும், எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவள்தான் தெரிந்தாள். பெட்டி அவன் அப்பா காலத்து டி.வி.யுடையது. அதைக் கெடாமல் பாதுகாக்கிறேன் பேர்வழி என்று பிக்சர் ட்யூபைத் தனியே கழற்றி, துடைத்து, போர்வை சுற்றி, வீட்டிலிருந்த ஒரே கட்டிலில் படுக்க வைத்திருந்தான். அவன் மனைவி தையல்காரி. பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். "உங்க ட்யூபு படுத்துக்கிட்டா உங்க பொண்ணு எங்கங்க படுப்பா?" என்று கேட்டாள். வெட்டுத்துணிகளை அடைத்து ஒரு மெத்தை தைத்து, காலிப் பெட்டிக்குள் விரித்துவிட்டாள். அளவு கச்சிதமாக இருந்தது.

"ட்யூபை அதுக்குள்ள திரும்ப மாட்டுற வரைக்கும் நான் அவளைத் தூக்க மாட்டேன்" என்றான் மெக்கானிக். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மாதங்கள் ஓடின, மகளை அவன் தொடவேயில்லை.

தெருக்காரர்கள் முதலில் டி.வி.களைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரித்துப் பார்த்தான், பழுது ஒன்றுமில்லை. பிறகு எல்லோருக்கும் பழகிப்போனது. செய்திக்கு இது தேவலை என்றார்கள். துணி நனைந்தால் எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகச் சொல்லிவிடுவாள். பால் கொடுக்கத் தூக்கினால் படம் போகும்; தூங்கட்டும் என்று பெட்டியின் இழுப்புக் கதவைச் சாத்தினால் தெருவும் தூங்கப் போகும். கடையில் மெக்கானிக் திரையைத் துடைக்கிற சாக்கில் கன்னத்தைத் தடவுவான். முதல் பல்லைப் பார்த்தவன் அவன்தான். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல். தூக்கினாலும் படுக்க வைத்தாலும் அடங்காமல் அழுதாள். தெருவே வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. கடையில் மெக்கானிக்குக்குக் கை ஓடவில்லை. படம் ஆடினால் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான்: டி.வி.யின் பக்கவாட்டில் லேசாக இரண்டு தட்டு. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் பெட்டி தானாக அதிர்ந்ததைத் தையல்காரி பார்த்தாள். "அப்பாதான்டி தட்டுறாரு. வரச் சொல்லு" என்றாள். அது கடையில் இருந்த எல்லா டி.வி.யிலும் கேட்டது.

கடையைச் சாத்தாமலே ஓடி வந்தான். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ட்யூபைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினான். தெரு முழுக்கப் படம் போனது. "கீழ விடுப்பா, இப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சா" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள். அவன் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டான்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பெட்டியில் அவள் துணிமணிகள் இருக்கின்றன. தெருவும் அதைத்தான் பார்க்கிறது. காலையில் நீலச் சட்டையைக் காணோம் என்று வீடு அல்லோலகல்லோலப்பட்டால், "அடியில இருக்கு பாரு" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வரும். அடியில்தான் இருக்கும்.