மாப்பிள்ளை போட்ட சாப்பாட்டுக் கணக்கு

சம்பந்தி கோபாலசாமி காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிட்டார். காலையில் ரொட்டியும் முட்டையும், ஆளுக்கு மூன்று டாலர். மத்தியானம் நாலு. ராத்திரிக்குக் கொஞ்சம் தாராளமாக ஏழு. அமெரிக்காவில் இருக்கும் அவர் மகன் செண்பகராஜ், மாமனார் மாமியாருக்கு ஊர் சுற்றிக் காட்டப்போகிற இரண்டு வாரத்துக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கென்று இப்படிப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறானாம். பரிமாறுகிறவருக்கு வைக்கிற இனாம் தனியாம். விமானத்தை விட்டு இறங்கியதும் காரில் ஏறவேண்டியது, அருவி, கடல், கட்டடம் என்று பார்க்கவேண்டியது, அப்படியே திரும்பவும் விமானம். புதூர்ப் பக்கத்துப் பருத்திக்காட்டைத் தவிர எதையும் முழுசாகச் சுற்றிப் பார்த்திராத மாமனார் நந்தகோபாலுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியாட்டி, மூணு வேளையும் ஓட்டல்லயாம். மாப்பிள நம்மள ராசா கணக்கால்லா பாக்காரு" என்றார் மனைவியிடம்.

சுப்புத்தாய் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு எப்ப போவோம் அண்ணாச்சி?"

"எந்த வீட்டுக்கு?"

"எம் மக வீட்டுக்கு."

கோபாலசாமி காப்பியை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறிப்போன காப்பி. "வீடு எங்க மதினி ஓடிப் போவுது? ஊரப் பாக்கத்தான போறீங்க" என்றார், டம்ளரைப் பார்த்தே.

போன வருஷம் இதே சம்பந்தியும் அவர் சம்சாரமும் போய், மூன்று மாதம் இவள் மகள் கிருஷ்ணவேணி கையால் சாப்பிட்டு, கன்னம் உப்பித் திரும்பி வந்தார்கள். மருமகள் வைத்த மீன் குழம்பைப் பற்றி இதே நாற்காலியில் இருந்து அரைநாள் பேசினார் மனுஷன். அவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு, பெற்றவர்களுக்கு ஓட்டலா? முதலில் சுப்புத்தாய்க்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. அவர் போனபிறகு அரிசி களையும்போதுதான் வேறொன்று உறைத்தது. வந்த சொந்தக்காரர்களுக்கு வெளிச்சோறு போடுவதை அவள் எழவு வீட்டில்தான் பார்த்திருக்கிறாள். அங்கேதான் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். சீ, என்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாவு இல்லை, சரி. அப்படியென்றால் அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க ஆள் இல்லையா? வேணி அங்கேதான் இருக்கிறாளா?

புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "ஒனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல? பால்காரன், பஸ் கண்டக்டரு, இப்ப மாப்பிளயா?" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் சொன்னதும் நிஜம்தான். ஆனால் பால்காரன் விஷயத்தில் அவள் நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் வேணி பேசுவாள். எதிர்த்த தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போன் வரும். நந்தகோபால் அருவியைப் பற்றியே பேசி முடித்ததும், சுப்புத்தாய் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"ஏட்டி வேணி, இன்னைக்கு என்ன கொழம்பு வச்ச?"

இந்தக் கேள்விக்கு வேணி எப்போதும் நீட்டி முழக்குவாள். கத்தரிக்காய் பூசணி கணக்காக இருக்கிறது, புளியில் புளிப்பே இல்லை என்று குறை சொல்லித் தீராது. இன்று, "சாம்பார்ம்மா" என்றாள்.

"மாப்பிள எங்க?"

"இங்கனதான் அடுப்படியில நிக்காவ."

அப்போதுதான் காசு விழும் சத்தம் கேட்டது. ஒன்று, அதன்பின் வரிசையாக நாலைந்து. கோவில்பட்டி ஸ்டேஷனில் காசு போட்டுப் பேசுகிற பெட்டியில் விழுகிற அதே சத்தம். சொந்த வீட்டுப் போனில் யார் காசு போட்டுப் பேசுவார்கள்? பின்னால் ஒரு பஸ்ஸோ லாரியோ உறுமிக்கொண்டு போனது.

சுப்புத்தாய்க்கு எங்கட்டி நிக்க என்று கேட்க வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பக்கம் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, இன்னொரு பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற புருஷன். கேட்டால் வேணி போனை வைத்துவிடுவாளோ என்றும் பயம்.

"ஒனக்கு என்னட்டி கொண்டாரணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா. அதான் எல்லாம் ஓட்டல்லயே கெடைக்கே."

அந்தப் பக்கம் இன்னொரு காசு விழுந்தது.

அன்று மத்தியானம் சுப்புத்தாய் பயணத்துக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, தன் பட்டுச்சேலை இரண்டையும் வெளியே எடுத்துப் போட்டாள். பரணில் இருந்து வெண்கலப் பானையை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள்.

நந்தகோபால் எட்டிப் பார்த்தார். "ஓட்டல்ல சாப்பிடப் போறவளுக்குப் பான எதுக்குட்டி? அதுவும் இந்தச் சின்னப் பான. மாப்பிளயோட சேத்து நாம நாலு பேருல்லா. இதுல மூணு பேருக்குத்தான பொங்கலாம்?"

சுப்புத்தாய் பானை நிறைய அரிசியைக் கொட்டி, வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டி, அவருடைய புதுச் சட்டைகளுக்கு நடுவில் அசையாதபடி வைத்தாள்.