சாமித்தட்டில் கியோஹிமே

மகள் சாம்பவி வாங்கிவந்த ஜப்பானிய மர அச்சுப் படத்தைக் கண்டதும் ஞானாம்பிகை கைகூப்பினார். நீண்ட கூந்தலோடு ஒரு பெண்; பின்னால் கோயில் மணியைச் சுற்றியபடி பெரிய பாம்பு. பெண்ணும் பாம்பும் மணியும் சேர்ந்தால் அது நயினாதீவு நாகபூசணி அம்மன் அல்லாமல் வேறு யார்? படம் கண்ணாடிச் சட்டத்தோடு சாமித்தட்டில் ஏறியது. கண்ணாடியில் குங்குமம், மேலே பிளாஸ்டிக் மல்லிகை மாலை.

“அம்மா, அது சாமியில்லை.”

“ஜப்பானிலை அம்மனுக்கு அப்பிடித்தான் உடுத்துவினம். நீ பேசாமல் இரு.”

வேண்டுதல் ஒன்றுதான்: சாம்பவிக்கு ஒரு மாப்பிள்ளை. புலம்பெயர்ந்து குடியிருந்த கார்ட்டியர்வில் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மரக்கறி றோல்ஸைத் தின்று, தேத்தண்ணி குடித்து, “பேந்து சொல்லுறம்” என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருவரும் சொல்லவில்லை. ‘பேந்து’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே ஞானாம்பிகைக்கு வயிறு எரியும்.

இம்முறை வந்தவர்கள் வசதியானவர்கள் வாழும் இல்-பிசார் தீவில் தனிவீட்டுக்காரர். மாப்பிள்ளை பிருந்தன் போனைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அவனுடைய தாய் இருவருக்குமாகச் சேர்த்துப் பார்த்தார். சுவரின் நிறத்தையும் பெண்ணின் நிறத்தையும் அளந்து முடித்து, புறப்படுமுன் சாமித்தட்டின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நல்ல சக்தியுள்ள அம்மன். எந்தக் கோயில்?”

ஞானாம்பிகை வாய் திறக்குமுன் சாம்பவி முந்திக்கொண்டாள். “இது ஜப்பான் கதை, அன்ரி. இவ கியோஹிமே. ஒரு சாமியார்ப் பெடியன் பேந்து வாறன் எண்டு இவவுக்குச் சொல்லிப்போட்டு ஓடிட்டான். இவ பாம்பாகித் துரத்தினா. அவன் ஆளுயரக் கோயில் மணிக்குள்ளை ஒளிச்சான். மணியைச் சுத்திப் பிடிச்சு உயிரோடை எரிச்சுப்போட்டா.”

ஞானாம்பிகை படத்தைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளும் விளக்கேற்றியது இவளுக்கா? இந்தச் சம்பந்தமும் போச்சு என்றே நினைத்தார்.

“அப்ப நாங்கள் பேந்து…” என்று தொடங்கிய மாப்பிள்ளையின் தாய், படத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினார். பிருந்தன் முதன்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

“பேந்தென்ன பேந்து. எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. வாற மாசமே நாள் வைப்பம்,” என்றார் தாய் அவசரமாக.

ஞானாம்பிகை “ஓம், சம்மதம்” என்று சொல்வதற்குள், சாம்பவி வாசலில் கிடந்த அவர்களுடைய சப்பாத்துகளை எடுத்து நேராக வைத்தாள்.

“நாங்கள் பேந்து சொல்லுறம், அன்ரி.”

கார் போனதும் மகளைத் திட்ட வேண்டுமென்று ஞானாம்பிகைக்குத் தோன்றியது. ஆனால் கோபம் வரவில்லை. எத்தனையோ வருசமாக எரிந்த வயிறு குளிர்ந்து கிடந்தது. விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கிவைத்த றோல்ஸில் ஒன்றை எடுத்து ஆறுதலாகச் சாப்பிட்டார். பிறகு கை கழுவிவந்து, கியோஹிமேயின் கண்ணாடியில் புதிதாகக் குங்குமம் வைத்தார்.